வெடிக்காத கடுகு

சுவா
5.6.1943

அன்புள்ள அண்ணா,

அது கடுகு இல்லை. இன்று நான் சொல்லாமல் விட்டது அதுதான்.

அரிசிப் பஞ்சத்துக்காக ரப்பர் மரங்களை வெட்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் போட்ட கச்சான் கடலை வாடிச் சாகிறது. பிடுங்கினால் தண்டடியில் வெள்ளை நூல். அதில் கடுகு போலச் சிவந்த மணிகள். எங்களை மேய்க்கும் கங்காணி, மண்டோர் சன்னாசி அவற்றை உள்ளங்கையில் உருட்டினார்.

"ராக்கம்மா, புள்ளைக்குத் திருஷ்டி சுத்துன கடுகை இங்கதானே கொட்டுன?"

"அடுப்புலதான் போட்டேன் மண்டோரே, சாமி சத்தியமா!"

"நமக்குத் தாளிக்கவே கடுகு இல்ல, இவளுக்கு மட்டும் மூட்டையில வருதுலா!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

சன்னாசி சிரிக்கவில்லை. போனவர் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு ஆள் பெயர் கொடுப்பது அவர்தான். "பயிரைக் கெடுத்த வீட்டுலேர்ந்து மொத ஆளு" என்றார். ராக்கம்மாவின் புருஷன் வீரமுத்து தலைகுனிந்து நின்றார்.

நேற்றே நாலு மணிகளைச் சுடுசட்டியில் போட்டுப் பார்த்திருந்தேன். வெடிக்கவில்லை. தோட்டப் பள்ளி டீச்சர் நான் சொன்னால் கேட்டிருப்பார்கள். சன்னாசி அப்பா பெயரையும் கொடுத்துவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் விவசாய இலாகாவில் இருக்கிறீர்கள். இது என்ன? மரநிழலில் போட்ட பாத்தி மட்டும் ஏன் பச்சையாக இருக்கிறது?

தங்கை,
மயிலம்மாள்

சிரம்பான்
10.6.1943

மயிலு,

இரண்டு மாதம் கழித்து, செடிக்கு நோய் வந்தபிறகுதான் அண்ணன் ஞாபகம் வந்ததா?

அது மண்ணில் வாழும் பூஞ்சை. மணிகள் அதன் விதை மாதிரி. மரம் போன இடத்தில் வெயில் மண்ணைச் சுட வைக்கிறது. அந்தச் சூட்டில் மழையும் விழுந்தால் மணிகள் முளைத்துத் தண்டைத் தின்னும். நிழல் மண் குளிர்ச்சி. அங்கே சும்மா கிடக்கும். வாடியதைப் பிடுங்கி எரியுங்கள். சருகை ஆழமாகப் புதையுங்கள்.

அப்பாவை இங்கே அழைத்துக்கொள்கிறேன். நீ பயப்படாமல் போய் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடு.

அமிர்தலிங்கம்

சுவா
14.6.1943

அண்ணா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இன்று காலை ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும் சட்டியைக் காயவைத்து மணிகளைப் போட்டேன். சத்தமே இல்லை. மண் சூடு, மழை, பூஞ்சை எல்லாம் சொன்னேன்.

"படிச்சவங்க சொன்னா சரிதான்லா" என்றார் சன்னாசி. அவ்வளவு சுலபமாக.

ராக்கம்மா மட்டும் கேட்டாள்: "இது உங்களுக்கு எப்பத் தெரியும், டீச்சரம்மா?"

"அன்னிக்கே தெரியும்" என்றேன்.

அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள்.

சயாமுக்கு ஆள் ஏற்றும் லாரி சனிக்கிழமையே வந்து போயிருந்தது. வீரமுத்து அதில் ஏறினார்.

மயிலம்மாள்