தூங்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதறது. முழங்கால் வலியைக் கழிச்சா நானும், பிடிவாதத்தைக் கழிச்சா உங்கப்பாவும் இங்க நல்லாத்தான் இருக்கோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மழையில நனையாம, உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருப்பேன்னு நம்பித்தான் பேனாவைத் தொடறேன். வாரா வாரம்தான் போன்ல பேசறோமே, இப்ப எதுக்குக் கடுதாசின்னு கேப்பே. அஞ்சு மாசமா போன்ல உங்கிட்ட ஒரு பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன்டா. நிஜத்தைச் சொல்லலாம்னு வாயைத் திறந்தாலே நீ அடுத்த கேள்விக்குப் போயிடறே, எனக்கும் அப்பாடான்னு ஆயிடுது. அதனாலதான் எழுதறேன். உட்கார்ந்து முழுசாப் படி, பாதியில எழுந்து போயிடாதே.

முதல்ல வீட்டு சேதியைச் சொல்லிடறேன், இல்லேன்னா மறந்துடும். உங்க அக்கா பொண்ணுக்கு முதல் பல் விழுந்துடுச்சு. அக்கா வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரிக்கே அதைக் கையில பொத்தி எடுத்துக்கிட்டுப் போய், திரும்ப ஒட்டிக் குடுங்கன்னு டாக்டர்கிட்ட நின்னுதாம். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுது. மாடி வீட்டுக்காரர் புல்லாங்குழல் கத்துக்கிறார், மூணு மாசமா அதே மூணு சுரம்தான், நாலாவது எப்ப வரும்னு நானும் காதைத் தீட்டிக்கிட்டு இருக்கேன். உங்கப்பா ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆகியும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. மாத்திரை டப்பா, பால் பாக்கெட், கரண்ட் பில், எதுல எழுத்து இருந்தாலும் சிவப்புப் பேனா வந்துடும். லிஃப்ட்ல ஒட்டியிருந்த நோட்டீஸ்ல ஒற்று விட்டுப்போச்சுன்னு இவர் போட, செக்ரட்டரி கிழிச்சுட்டுப் புதுசு ஒட்ட, அதுலயும் இவர் ஒண்ணு போட, இப்ப லிஃப்ட்ல நோட்டீஸே கிடையாது. அச்சகத்துல புரூஃப் பார்த்தப்போ இவருக்குக் ‘கமா’ன்னு பட்டப்பேர் வச்சாங்களே, அது இவருக்கு இன்னும் பெருமைதான்.

சரி, எத்தனை நேரம்தான் சுத்தி வளைக்கறது. உன் செடி போயிடுச்சுடா. நீ கேக்கறப்பல்லாம் நல்லா இருக்கு, இப்பத்தான் குளிர் விட்டிருக்கு, மெதுவா வரும்னு சொன்னேனே, எல்லாம் புளுகு. நீ நாலு வருஷம் குழந்தை மாதிரி வளர்த்த அந்த அன்னாசி லில்லி அழுகிப்போச்சு. அழுக வச்சது உங்கப்பா. வேணும்னு செய்யல, அதைச் சொல்லத்தான் இத்தனை தாளும். நீ போன் பண்றப்பல்லாம் அவர் குளிக்கப் போயிட்டார்னு சொல்றேனே, ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பார்னு நீயாவது யோசிச்சிருக்கலாம். கோபத்துலதான் பேச வரலைன்னு நீ நினைச்சுக்கிட்டு இருக்கே, எனக்குத் தெரியும், போன வாரம் உன் குரலே சொல்லிடுச்சு. கோபம் இல்லடா. உன் முகத்துல, அதாவது உன் குரல்ல, எப்படி முழிக்கிறதுன்னு தெரியாமத்தான் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உள்ள நிக்கறார்.

நடந்ததை வரிசையாச் சொல்றேன். நீ பண்ணை வேலைக்குக் கிளம்பின அன்னிக்குத் தொட்டியில ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போனே, ஞாபகம் இருக்கா? ‘தூங்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது.’ அவ்வளவுதான், வேற ஒரு எழுத்து இல்ல. நீ போன மறுநாள் காலையில, நான் சொல்லாமலே, உங்கப்பா பால்கனிக்குப் போய் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அந்தச் சீட்டை மூணு தடவை படிச்சார். இனிமே இது என் பொறுப்பு, நீ கை வைக்காதேன்னு என்கிட்ட சொல்லிட்டார். எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோஷம். பையன்கூடப் பேசாத மனுஷன் பையனோட செடியையாவது பார்த்துக்கிறாரேன்னு நான் குறுக்கே போகல. தினம் காலையில ஏழு மணிக்கு ஒரு டம்ளர், சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர். மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசந்தா அந்தப் பக்கமே போக மாட்டார். ஒரு நாள் வெளியே போயிட்டு இருட்டினப்புறம் வந்தோம், செடிக்கு ஊத்தலையேன்னு நான் சொம்பை எடுத்தேன், பாய்ஞ்சு வந்து கையைப் பிடிச்சுட்டார். தூங்கற நேரத்துல ஊத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கான், படிக்கத் தெரியாதான்னு என்னைக் கேட்டார். ஆமாம்டா, நீ நினைக்கறது சரிதான். நாம தூங்கும்போது ஊத்தக் கூடாதுன்னு அவர் புரிஞ்சுக்கிட்டார். எனக்கும் அப்படித்தான் புரிஞ்சுது, பழியை அவர் தலையில மட்டும் போட மாட்டேன்.

இலை மஞ்சளாகி ஒண்ணொண்ணாச் சாய்ஞ்சுது. இவருக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தண்ணி பத்தலைன்னு ஒரு டம்ளரை ரெண்டாக்கினார். குளிர் காலம் முழுக்க, ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, கையில டம்ளரோட, அந்த வெறும் மண்ணுக்கு ஊத்திக்கிட்டு நின்னார். நீ நம்பினா நம்பு, தண்ணி சில்லுனு இருக்குமேன்னு வெதுவெதுன்னு சூடு பண்ணித் தரச் சொல்லி வாங்கிட்டுப் போனார். எனக்கு ஒரு நாள் இப்படி வெந்நீர் வச்சுக் குடுத்திருப்பாரா? குளிர் போச்சு, எதிர் வீட்டு ஜன்னல் செடியெல்லாம் துளிர்த்துடுச்சு, நம்ம தொட்டி மட்டும் அப்படியே கிடந்துது. ஒரு நாள் காலையில கரண்டியால மெதுவாத் தோண்டிப் பார்த்தார். கிழங்கு இருந்த இடத்துல பழுப்பா, கொழகொழன்னு என்னமோ இருந்துது. நாத்தம் வேற. போன வருஷம் அது பூத்தப்போ ஒரு நாத்தம் அடிச்சுதே, எலி செத்துக் கிடக்குன்னு மாடி வீட்டுக்காரர் பிளம்பரைக் கூட்டிட்டு வந்து கட்டடத்துல உள்ள குழாயெல்லாம் திறந்து பார்த்து, கடைசியில நீ பூவைக் காட்டினதும் அந்தப் பிளம்பர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சானே, இது அந்த நாத்தம் இல்ல. அந்தக் கொண்டை வச்ச பூவையும், தண்டுல இருந்த ஊதாப் புள்ளியையும், சுத்தி மொய்ச்ச ஈயையும் நினைச்சா எனக்கு இப்ப அழுகையா வருது. அன்னிக்கு உன்னை எப்படித் திட்டினேன், இதெல்லாம் ஒரு பூவான்னு.

அப்பா அழுகினதை ஒரு டப்பாவுல போட்டு மூடி, தொட்டியையும் தூக்கிக்கிட்டு, மார்க்கெட் பக்கத்துல இருக்கிற செடிக்கடைக்காரம்மாகிட்ட போனார், நானும் கூடப் போனேன். அந்தம்மா ஒரு தடவை பார்த்துட்டு, குளிர் காலத்துல தண்ணி ஊத்தினீங்களான்னு கேட்டாங்க. தினம் ஊத்தினேன்னு இவர் பெருமையாச் சொன்னார். அந்தம்மா தலையில கை வச்சுக்கிட்டாங்க. இது தென்னாப்பிரிக்காக் கிழங்கு, குளிர் வந்தா இலையையெல்லாம் உதிர்த்துட்டு மண்ணுக்குள்ள தூங்கும், வெறுந்தொட்டி மாதிரிதான் தெரியும், அது தூங்கும்போது ஒரு சொட்டுத் தண்ணி ஆகாதுன்னு யாரும் சொல்லலையான்னு கேட்டாங்க. உங்கப்பா பர்ஸைத் திறந்து உன் சீட்டை எடுத்தார். தொட்டியிலேர்ந்து அதைப் பிரிச்சு பர்ஸ்லயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கார், எனக்கே அப்பத்தான் தெரியும். படிச்சார். மறுபடி படிச்சார். எழுவாய் இல்லைன்னார். அது மட்டும்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு பிடி பிடிச்சேன். செடியையும் கொன்னுட்டு, எழுவாய் இல்லைன்னு பழியைப் பையன் மேல போடறீங்களான்னு கேட்டேன். அவர் நாற்காலியில உட்கார்ந்து செருப்பைக் கழட்டினார். அப்புறம் சொன்னார், அவன் ஏன் ஒரே வரியா எழுதிட்டுப் போனான்னு எனக்குத் தெரியும், நாலு பக்கம் எழுதினதுக்கு நான் பண்ணினதும் எனக்குத் தெரியும்னு. தம்பி, அன்னிக்கு நீ அச்சக வேலையை விட்டுட்டு நாற்றுப் பண்ணைக்குப் போறேன்னு வாயால சொல்ல முடியாம நாலு பக்கம் எழுதிக் குடுத்தே. அவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி அதை உங்கிட்ட திருப்பிக் குடுத்தார், பக்கம் முழுக்கச் சிவப்புல வட்டம் போட்டு. நீ அதை மேஜை மேல வச்சுட்டு எழுந்து போனே. அதுக்கப்புறம் அவருக்கு நீ எழுதினதுன்னா அந்தச் சீட்டு ஒண்ணுதான். நீளமா எழுதினாத்தானே பிழை வரும்னு சுருக்கிட்டே. அதுல எழுவாயும் போச்சு, கிழங்கும் போச்சு.

அந்த நாலு பக்கத்தை அவர் தூக்கிப் போடல. அகராதிக்குள்ள வச்சிருந்தார். அன்னிக்கு எடுத்து, பேனா இல்லாம, முதல் தடவையாப் படிச்சார். முதல் தடவைன்னுதான் அவரே சொன்னார். புரூஃப் பார்க்கிறவன் எழுத்தைத்தான் பார்க்கணும், பொருளைப் பார்த்தா பிழை நழுவிடும்னு எங்களைப் பழக்கிட்டாங்க, அவன் என்ன எழுதியிருக்கான்னு நான் பார்க்கவே இல்லைன்னார். மூணாவது பக்கத்துக்கு வந்ததும் என்கிட்ட நீட்டினார். உனக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ, நீயே அதுல எழுதியிருக்கே, குளிர் காலத்துல கிழங்கு தூங்கும், செத்துப்போச்சுன்னு நினைச்சுடக் கூடாது, தண்ணி ஊத்தாம விட்டுட்டுக் காத்திருக்கணும், இந்த மாதிரிச் செடிகளோடதான் எனக்கு இருக்கப் பிடிச்சிருக்குன்னு. உனக்குத்தான் சின்ன வயசுலேர்ந்தே ‘ழ’வோட தகராறாச்சே, கிழங்கைக் ‘கிலங்கு’ன்னு எழுதியிருந்தே. அந்த ‘ல’வைச் சுத்தி அழகா ஒரு வட்டம் போட்டு, பக்கத்துல ‘ழ’ போட்டிருந்தார். ரெண்டு பேரும் அந்தத் தாளை நடுவுல வச்சுக்கிட்டு அழுதோம், அவர் சத்தமில்லாம, நான் சத்தமா.

இப்ப நல்ல சேதி. செடிக்கடைக்காரம்மா அந்த டப்பாவைக் கொட்டி, அழுகினதையெல்லாம் கத்தியால வழிச்சுப் போட்டுட்டுப் பார்த்தாங்களா, அடியில ஒரு ஓரமாப் பூண்டுப்பல் மாதிரி ரெண்டு பிள்ளைக் கிழங்கு கெட்டியா இருந்துது. வெட்டின இடத்துல மறுபடி அழுகாம இருக்கப் பட்டைத்தூள் தடவி, நிழல்ல நாலு நாள் காய வச்சு, பாதிக்குப் பாதி மணல் கலந்து, கிழங்கோட கழுத்து மண்ணுக்கு மேல தெரியற மாதிரி நடச் சொன்னாங்க. அப்பா ஸ்கேல் வச்சு அளந்து நட்டார். ஒண்ணு சுருங்கிப்போச்சு. ஆறு வாரமா இன்னொண்ணைப் பார்த்துக்கிட்டே இருந்தோம், இன்னிக்குக் காலையில முளை வந்திருக்கு. அரிசி அளவுதான், நுனி ஊதாவா இருக்கு. பூக்கறதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகுமாம். உங்கப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டிட்டு, தண்ணி ஊத்தலாமா வேண்டாமான்னு என்னைக் கேக்கறார். எனக்கு என்ன தெரியும், உங்க பையனைக் கேளுங்கன்னேன். இந்தத் தடவை குளிக்கப் போகல.

அதனால நீ கோபப்பட்டாலும் பட்டுக்கோ, ரெண்டு நாள் வேணா பேசாம இரு, நியாயம்தான். மூணாவது நாள் எழுது. எப்ப ஊத்தணும், எவ்வளவு ஊத்தணும், வெயில்ல வைக்கணுமா நிழல்லயா, அடுத்த குளிருக்கு எங்க ஒதுக்கணும், எல்லாம் விலாவாரியா எழுது. தூங்கறது யாருன்னு மறக்காமப் போடு, செடியா, அப்பாவா, அம்மாவா. அப்பா பேருக்கே எழுது. மண்ணுல வேலை பார்த்துட்டுக் கையில எண்ணெய் தடவிக்கோ, போன தடவை போட்டோவுல உன் விரலெல்லாம் வெடிச்சிருந்துது. நீயும், நீ கைவச்ச ஒவ்வொரு கிழங்கும் நோய் நொடி இல்லாம நல்லா இருக்கணும், அதுக்கு மேல எனக்கு ஒரு ஆசையும் இல்லடா கண்ணு.

இப்படிக்கு,
நீ எவ்வளவு பிழையோட எழுதினாலும் படிக்கிற
உன் அம்மா

பி.கு. உறையில போடறதுக்கு முன்னாடி, அவரைப் பத்தி இத்தனை எழுதிட்டு அவருக்குக் காட்டாம அனுப்பறது முறையில்லைன்னு அப்பாகிட்ட குடுத்தேன். முழுசாப் படிச்சார். சிவப்புப் பேனா சட்டைப் பையிலேயே இருந்துது. பிழை ஒண்ணுமே இல்லையான்னு கேட்டேன். பதினேழு இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்னார். அப்புறம் என் நீலப் பேனாவை வாங்கி, கடைசியில கொஞ்சம் இடம் விடச் சொல்லி, அவர் கையால ஒரு வரி எழுதினார். யாருன்னு போடலையே, எழுவாய் எங்கேன்னு நான் கேட்டேன். அவனுக்குப் புரியும்னுட்டார். கீழே இருக்கறது அவர் எழுதினது.

முளைத்திருக்கிறது. வந்து பார்க்கலாம்.