பட்டாபட்டி தின்ற மண்

ஜூன் 9, திங்கள்

வெட்கத்தை விட்டு முதலில் இதை எழுதிவிடுகிறேன். இன்று காலை என் வீட்டுக்காரருடைய பட்டாபட்டி டவுசரை வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். நல்ல டவுசர். சாயம்கூடப் போகவில்லை. மண்ணை மூடி மிதித்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்துக் காட்டுப் பூவாத்தாக்கா தலையில் சோளத்தட்டுக் கட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

"என்ன புள்ள பொதைக்கறே?"

"அவுங்க டவுசருங்க்கா."

அக்கா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

காரணம் இருக்கிறது. சேலத்திலிருந்து ஆன்சி என்று ஒரு பெண் வருகிறாள். காலேஜில் மண்ணைப் பற்றிப் பெரிய படிப்பு. ஆற்றோரக் காடுகளில் வெள்ளைக் காடாத்துணியைத் துண்டு துண்டாகப் புதைத்துக்கொண்டே போகிறாள். மரவள்ளி எடுத்த நம் காட்டிலும் மூன்று இடத்தில் புதைத்தாள். நடுக்காடு, வேப்பமரத்தடி, அப்புறம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைத் தண்ணீர் ஆற்றுக்குப் போகும் ஓடைக்கரை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மண்ணுக்குள் கோடி கோடியாய் இருக்குமாம். பருத்தி அதுகளுக்குத் தீனி. துணி எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகிறதோ அவ்வளவு உயிர் அந்த மண்ணில். துண்டைப் பார்த்தேன், கைக்குட்டை அளவுதான். இத்தனை பேருக்கு இது எப்படிப் பத்தும் என்று என் பங்குக்கு டவுசரைப் போட்டேன்.

சிரிப்புக்காக மட்டும் இல்லை. அவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். பெயர் அர்த்தநாரி. வாயால் சொல்ல மாட்டேன், எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். போர் போட வடக்கே போனால் மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்புவார். போன வாரம் போனில், "அந்த மண்ணு செத்துப்போச்சு புள்ள. நான் வந்ததீம் செங்கச் சூளைக்காரருக்கு மேல்மண்ணக் குடுத்துரலாம். மூணடி எடுத்துக்குவாங்க" என்றார்.

எடுத்தால் வாசற்படியிலிருந்து பள்ளம். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் அந்தப் பள்ளத்துக்குக் காவல் நான்.

செத்ததா இல்லையா என்று பார்த்துவிட்டால் என்ன?

ஜூன் 13, வெள்ளி

ரசம் வைத்தேன். ஒரு ஆளுக்கு ரசம் வைக்க இந்தக் கைக்கு இன்னும் வரவில்லை. ஞாயிறு வரைக்கும் ஓடும்.

ஜூன் 17, செவ்வாய்

சொசைட்டிக்குப் பால் வாங்கப் போனேன். நான் போனதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பூவாத்தாக்கா வேலையைக் காட்டிவிட்டது. புருஷன் ஊர் வந்து சேர டவுசரைக் கட்டி வசியம் வைத்திருக்கிறேனாம்.

"டவுசரு பொதச்சா ஆளு வருவாருன்னா, கல்யாணம் ஆன வருசமே பீரோவோட பொதச்சிருப்பனே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பூவாத்தாக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வரும் வழியில் பால் தூக்கை ஆட்டிக்கொண்டே நடந்தேன். சும்மா சொல்லக்கூடாது, வசியம் என்று ஒன்று இருந்தால் வைத்திருப்பேனா? — வைத்திருப்பேன்.

ஜூன் 29, ஞாயிறு

போன் வந்தது. பின்னால் கம்ப்ரசர் இரைச்சல். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழையா, இல்லை. ஓசூரில் இருக்கும் எங்கள் மகள் பேசினாளா, பேசினாள். எங்கள் பேச்சு எப்போதும் இந்த ரூட்டில்தான் ஓடும், நடுவில் ஸ்டாப்பிங் கிடையாது. இன்றைக்கு நான் வண்டியை நிறுத்தி, மண்ணில் உயிர் இருக்கிற கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"ஆயிரம் அடி ஓட்ட போட்டுப் பாத்தவன் நானு. கீழ ஒண்ணுங் கெடையாது புள்ள. கல்லு, கல்லுக்குக் கீழயுங் கல்லு."

"மேல ஒரு சாணு என்னைக்காச்சும் பாத்திருக்கீங்களாங்க?"

லைன் கட்டாகிவிட்டது. சிக்னலா, அவரா?

ஜூலை 8, செவ்வாய்

ஆன்சி வந்தாள். ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து துண்டு புதைத்திருந்தாள், அதில் ஒவ்வொன்றை எடுத்துப் பார்த்தாள். நானும் கூடவே போய் எட்டிப் பார்த்தேன்.

வேப்பமரத்தடித் துணி சல்லடை ஆகியிருந்தது. பிடித்தால் கையோடு வருகிறது. ஓடைக்கரைத் துணி கறுத்துக் கொழகொழவென்று அழுகின முட்டை நாற்றம். நடுக்காட்டில் வைத்ததை அலசிக் காயப்போட்டால் முகம் துடைக்கலாம். அப்படியென்றால் அவர் சொன்னதுதான் சரியா?

"செத்துப்போச்சா கண்ணு?" என்றேன்.

"சாகலக்கா. பட்டினி. கிழங்கு எடுத்த பிறகு இந்தக் காட்டுல என்ன விட்டு வைப்பீங்க?"

யோசித்தேன். கிழங்கு ஆலைக்கு. குச்சி விதைக்கு. தழை ஆட்டுக்கு. மிச்சம் கிடக்கும் சருகைக் கூட்டித் தீ வைப்போம், காடு சுத்தமாய் இருக்க வேண்டுமே. மாட்டை விற்ற பிறகு ஒரு கூடை எருகூடப் போட்டதில்லை.

"எதுவும் விட மாட்டோம்."

"அப்புறம் அதுங்க எதத் தின்னும்? தழையும் வேரும் விழுந்தாத்தான் அதுங்களுக்குச் சோறு. தின்னதுல பாதிக்கு மேல மூச்சா விட்டுடும், நம்மள மாதிரி. மீதி மண்ணோட ஒட்டிக்கும், அதுலதான் ஈரம் நிக்கும். அதுங்க செத்தா அதுங்க உடம்புல இருக்கற சத்து செடிக்கு. இப்படிச் சுத்திட்டே இருக்கணும்க்கா. உங்க காட்டுல சுத்து அறுந்திருக்கு."

ஓடைக்கரை ஏன் அப்படி என்று கேட்டேன். அங்கே கதை தலைகீழாம். கிழங்கு மாவு கலந்த தண்ணீர் ராத்திரி பகலாய் இறங்குகிறது. அதே உயிர்கள் கிடைத்ததையெல்லாம் தின்று, தண்ணீரில் இருக்கும் காற்றையும் தீர்த்துவிடுகின்றன. காற்று இல்லாமலே பிழைக்கிற கூட்டம் ஒன்று அப்புறம் வந்து உட்காருமாம். அந்த நாற்றம் அதுகள் போடுவது. எவ்வளவு மக்குகிறது என்று பார்க்க, ஆற்றிலும் இலைகளை வலைப்பையில் கட்டிக் கல்லோடு இறக்கி வைத்திருக்கிறாள்.

"ஆக, காடு பட்டினி, ஆறு அஜீரணம். நடுவால என்ற ஊடு" என்றேன். ஆன்சி சிரித்துக்கொண்டே துணியைக் கவரில் போட்டாள்.

கிளம்பும்போது கேட்டேவிட்டேன். மூன்றடி எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

அவள் சிரிப்பு போய்விட்டது. "குடியிருக்கறவங்கள அப்படியே லாரில ஏத்தி அனுப்பற மாதிரிக்கா. முக்கால்வாசி இந்த மேல் சாண்லதான் இருக்கு. திரும்பச் சேர்றதுக்கு நம்ம ஆயுசு பத்தாது."

சாயங்காலம் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே தின்ன ஆள் இருக்கிறது, சோறு இல்லை. இங்கே சோறு இருக்கிறது. சரி, போதும், தூங்கு கோகிலவாணி.

ஜூலை 11, வெள்ளி

ராசிபுரம் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சணப்பை விதை வாங்கிவந்தேன். பூ வைத்ததும் அப்படியே மடக்கி உழுதால் காட்டுக்குச் சாப்பாடு. நேற்றுப் பெய்த மழை ஈரத்தில் இன்று தூவியாயிற்று. கிணற்றில் இருக்கும் தண்ணீர் அதற்குப் போதும்.

அவரிடம் சொல்லவில்லை. கேட்கவுமில்லை.

ஜூலை 19, சனி

முளைத்துவிட்டது. போனில் "வேற என்ன விசேசம்" என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றில் கால் வைக்க முடியாது, அடிபம்பிலேயே எல்லாரும் கும்பிட்டோம். புதுச் சரடு கட்டிக்கொண்டேன். பூவாத்தாக்காதான் முடிச்சுப் போட்டது. "உன்ற வசியம் வேல செய்யுது போலிருக்குது, அர்த்தநாரி இந்த மாசம் வாரானாமே" என்றது. வந்தால் மண் போய்விடும். வராவிட்டால் — ஏன் இரண்டும் சேர்ந்தே வருகிறது?

ஆகஸ்ட் 8, வெள்ளி

கடைசித் துண்டுகளை எடுத்தார்கள். 'தார்கள்' என்ன, வந்தது ஆன்சி ஒருத்திதான். மரியாதை கொடுத்துப் பார்த்தேன், சபை நிறைந்தாற்போல இருக்கட்டும் என்று.

நடுக்காட்டுத் துணியில் இப்போது பொத்தல் விழுந்திருக்கிறது. சணப்பை வேர் ஒன்று துணியைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. நாலு பொத்தல்தான். ஆன்சி அதைப் போட்டோ எடுத்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் டவுசர். துணி துளிகூட மிச்சமில்லை. தையல் நூல் பாலியஸ்டராம், அதை மட்டும் தொடவில்லை. நாடாவும் அதே ஜாதி. நூலைத் தூக்கிப் பிடித்தால் காற்றில் கோடு போட்ட மாதிரி ஒரு டவுசர் தொங்குகிறது. இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து சிரித்தோம். வயிறு வலித்துவிட்டது.

வேலை முடிந்ததாம். இனி எழுதுகிற வேலைதான், சேலத்திலேயே. "போன் பண்றேன்க்கா" என்றாள். பண்ணுவாள். எல்லாரும் போன்தான் பண்ணுகிறார்கள்.

கொஞ்சம் கடலைக்காய் வறுத்துக் கொடுத்துவிட்டேன். பஸ் திரும்புகிற வரைக்கும் நின்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வந்துவிட்டார். பையைக் கீழே வைக்கவில்லை. காடு முழுக்க மஞ்சள் பூ.

"இதென்ன?"

"சணப்பைங்க."

"நான் சூளைக்காரருகிட்ட நாக்கக் குடுத்துட்டேன். நீ பூந்தோட்டம் போட்டு வெச்சிருக்கறே."

நாக்கைக் கொடுத்தாராம், வாக்காம். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. உங்க நாக்குப் போனா மசுரே போச்சு, பள்ளத்துப் பக்கத்துல ஒக்காந்திருக்கப் போறது நானு, நீங்க இல்ல, ஊருக்கெல்லாம் தண்ணி கண்டுபுடிச்சுக் குடுத்தீங்களே, இந்த ஊட்டுல ஒருத்தி இருக்கறத என்னைக்குக் கண்டுபுடிச்சீங்க — இதெல்லாம் கேட்டுவிட்டேன். பக்கத்துக் காட்டில் பூவாத்தாக்கா தட்டு அறுப்பதை நிறுத்தினது தெரிந்தது.

அவர் பையைக் கீழே வைத்தார். குளிக்கப் போனார். குளித்துவிட்டு உள்ளேயிருந்து, "என்ற பட்டாபட்டி எங்கே?"

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இரண்டு நாளாய்ப் பேச்சில்லை. ஆள் இல்லாத வீடு வேறு, ஆள் இருந்து பேசாத வீடு வேறு. முதலாவதே பரவாயில்லை என்று தோன்றியது.

இன்று காலை நூல் டவுசரை எடுத்துவந்து அவர் முன்னால் தொங்கவிட்டேன்.

"யாரு தின்னது?"

"உங்க காடுதானுங்க."

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிக்கில் கீழேயிருந்து வருகிற தூளை உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் ஒரு பிடி மண் எடுத்து முகர்ந்தார். அங்கிருந்து நடுக்காட்டுக்குப் போய், சணப்பை நடுவில் ஒரு பிடி. ரொம்ப நேரம் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார்.

மதியம் இரண்டாம் முறை சோறு கேட்டார். அவ்வளவுதான் பேச்சு.

செப்டம்பர் 2, செவ்வாய்

டிராக்டரை அவரே கூட்டிவந்தார். சணப்பையை மடக்கி உழுதாயிற்று. பூவோடு புரண்டது. சூளைக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்கிறார். எனக்கு இந்தப் பாக்கலாம் பிடிப்பதே இல்லை. தை பிறந்தால் வண்டி கிளம்பிவிடும், அதற்குள் ஒரு வார்த்தை வர வேண்டும்.

செப்டம்பர் 24, புதன்

யார் சொன்னார்களோ, காட்டுக்கு ஊற்ற ஜீவாமிர்தம் கலக்குகிறார். பூவாத்தாக்காவிடமே போய்ச் சாணியும் கோமியமும் வாங்கிவந்தார். வெல்லம், பயறு மாவு, வேப்பமரத்தடியிலிருந்து ஒரு பிடி மண். நீல டிரம்மில் ஊற்றிக் கலக்கியாயிற்று.

சாக்கு போட்டு மூடுங்கள், உள்ளே இருப்பது மூச்சு விட வேண்டும் என்றேன். ஈ மொய்க்கும் என்றார். ரிக்கில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் தப்பு, அந்தப் பழக்கம். மூடியைப் போட்டு, இரும்பு வளையம் மாட்டி, நெம்பி இறுக்கிவிட்டார். கைத்தொழில் நேர்த்தியாய்த்தான் இருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

பதினொரு மணி வெயிலில் சூளைக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, புரட்டாசிச் சனிக்கு நாமமும் போட்டிருந்தார். வாசலில் நிழல் டிரம் பக்கம்தான் இருந்தது. நாற்காலியை அங்கே போட்டோம். மோர் கொடுத்தேன்.

"லாரி சொல்லிட்டனுங்க. ஒரு முடிவச் சொல்லுங்க" என்றார்.

இவர் தொண்டையைச் செருமினார். "மண்ண எடுக்க வேண்டாமுங்க. மன்னிச்சுக்கோங்க. நாக்கு மாறிப்போச்சு."

"செத்துப்போன மண்ணுங்க அது. அத வெச்சுட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று சூளைக்காரர் கேட்டார்.

அப்போது டிரம் மூடி படாரென்று கிளம்பியது.

மூடி இப்போது ஓட்டுக்கு மேல் கிடக்கிறது. வளையம் பூவாத்தாக்கா காட்டில். தலையிலிருந்து சாணி வழிந்த சூளைக்காரரை அடிபம்பில் குளிக்க வைத்தோம், சோப்புக் கொடுத்தோம். இவருடைய வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார். மோர் டம்ளர் நெளிந்துவிட்டது. டிரம்மில் பாதி மிச்சம் இருக்கிறது, அது வீணாகவில்லை, நாளை காலையில் காட்டுக்கு ஊற்றிவிடலாம் என்கிறார்.