துறைமுகம் வரை உன் பங்கு

போன வியாழக்கிழமை கூட்ஸ் ஆபீசில் யாரோ யாழ்ப்பாணச் சுருட்டைப் பற்றவைத்தார்கள். பார்சல் ரசீதுகளில் முத்திரை குத்திக்கொண்டிருந்த நான், அந்த வாசனைக்கு நீதான் பக்கத்தில் இருக்கிறாய் என்ற நினைப்பில் தலையைத் தூக்காமலே, "பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியாச்சா?" என்று கேட்டுவிட்டேன். பற்றவைத்தவர் உன் சித்தப்பா மகன். ஏதோ சரக்கு விசாரிக்க வந்திருக்கிறார். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதோ? அண்ணன் போன மாசம் மோசம் போயிட்டார். நெஞ்சு வருத்தம்" என்றார். நான் மறுபடி முத்திரை குத்தத் தொடங்கினேன்.

நீ செத்துப்போனதால் உன்மேல் எனக்குள்ள கோபம் குறைந்துவிடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாம் இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாக்கள். வேலை பார்த்துக்கொண்டே லண்டன் பி.ஏ. பரீட்சைக்குச் சரித்திரம் படித்தோம். எனக்கு அது விளையாட்டல்ல. பட்டம் வந்தால் இங்கிலீஷ் பள்ளியில் வாத்தியார் வேலை; வராவிட்டால் கடைசிவரை பார்சல் கௌண்டர். உன்னிடம் உன் மாமா வாங்கிக்கொடுத்த இங்கிலாந்துச் சரித்திரம் இருந்தது. தேச சரித்திரம் என்றால் அதுதான். கடல் தாண்டி வந்து நாம் பிழைக்கும் தேசத்துக்கு வினாத்தாளில் இடமில்லை. என்னிடம் ஊர் திரும்பிய பாதிரியார் ஒருவர் விட்டுப்போன உலக சரித்திரம். இரண்டையும் இருவரும் படித்து முடிக்க நேரம் கிடையாது. ஆளுக்கு ஒன்றைப் படித்து மற்றவனுக்கு வாயால் சொல்வது என்று பங்கு பிரித்தோம்.

உட்காரத்தான் இடமில்லை. என் வீடு கூலி லயத்தில் ஒற்றை அறை. உங்கள் யாழ்ப்பாண ஆட்களின் மெஸ்ஸிலோ கூலிக்காரன் மகன் வாசலைத் தாண்டி வந்ததில்லை. நீயும் ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டதில்லை. ஆனால் வழி கண்டுபிடித்தது நீதான். "ரயில்வே பாஸ் சும்மாதானே கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை ரயிலில இருந்து படிப்பம்" என்றாய். காலை வண்டியில் துறைமுகம் வரை உன் பங்கு; திரும்பி வரும்போது என் பங்கு.

நீ நன்றாகச் சொல்வாய். அதை மறுக்க மாட்டேன். எட்டாம் ஹென்றியின் கல்யாணங்கள் பெட்டாலிங்கில் தொடங்கி பத்து தீகாவுக்குள் முடிந்தாக வேண்டும். "ஆறு கல்யாணம், கண்டியோ! எங்கட மெஸ்ஸில கன பேருக்கு ஒண்டே சரிவரேல்லை" என்று சுருட்டை ஆட்டுவாய். எதிரே வாத்துக் கூடையோடு இருந்த சீனக் கிழவி, விஷயம் புரியாமலே உன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் இரும்பு தடதடக்கும்போது சார்லஸ் மன்னனைக் கொண்டுவந்து நிறுத்துவாய். உன் கை ஜன்னல் சட்டத்தில் கோடரி மாதிரி இறங்கும். "போச்சுதடா தலை!"

திரும்பும் வழியில் நான் பிரெஞ்சுப் புரட்சியைச் சொல்வேன். "பாரிசுல ரொட்டி இல்ல. சனமெல்லாம் தெருவுக்கு வந்துருச்சு" என்று நான் குரலை உயர்த்தினால், "மெல்லச் சொல்லடாப்பா, முன் பெட்டியில துரை இருக்கிறான்" என்று என் தொடையைக் கிள்ளுவாய்.

ஒரு முறை கேட்டேன்: "இந்தத் தண்டவாளத்துக்குச் சல்லி சுமந்தது எங்கப்பா. அது எந்தச் சேப்டர்ல வருது?"

"அது சோதினைக்கு வராது, மச்சான்."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் என் பங்கை நான் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

பரீட்சைக்குச் சில மாதம் இருக்கையில் உனக்கு ஊரில் பெண் பார்த்துவிட்டார்கள். கொழும்பில் படிக்க வைப்பதாகப் பெண் வீட்டார் சொன்னார்கள். கப்பலேறும் நாளில் அதே வண்டியில், அதே ஜன்னலோரம் உன்னோடு வந்தேன். வழியெல்லாம் நீ பெண் வீட்டுப் பெருமை பேசினாய். பாலம் வந்தபோது கேட்டேன்:

"ராஜா தலை போனதோட நிக்குது. மிச்சத்தைச் சொல்லேன்."

"இண்டைக்கோ? ஊருக்குப் போய் எழுதி அனுப்புறன்."

"அப்போ புத்தகத்தைக் குடுத்துட்டுப் போ."

"அங்கையும் இதே சோதினைதானே. எனக்கு வேணுமெல்லோ."

ஊரிலிருந்து வந்தது கல்யாணப் பத்திரிகை மட்டும்தான். நான் லண்டனுக்கு எழுதிக் கேட்ட அதே புத்தகம் பரீட்சை முடிந்த பிறகு வந்தது.

பரீட்சை மண்டபத்தில் கண்ணை மூடி ரயிலை ஓடவிட்டேன். பத்து தீகா வரை பேனா நிற்கவில்லை. பிறகு ஒரு கேள்வி: அரசனைக் கொன்ற ஜனங்கள் ஏன் மீண்டும் ஓர் அரசனை அழைத்தார்கள்? என் வண்டி பாலத்திலேயே நின்றது. அதற்குப் பின் வந்த கேள்வி எதையும் தொட முடியவில்லை. உலக சரித்திரத்தில் தேறினேன், தேச சரித்திரத்தில் தவறினேன். மறுபடி எழுதவில்லை, வீம்பு என்றே வைத்துக்கொள். நீ கொழும்பில் தேறி, கல்லூரியில் சரித்திரம் கற்பித்தாய். நான் இன்னும் பார்சல் கௌண்டரில் இருக்கிறேன்.

லண்டன் புத்தகங்கள் அப்போது ஓரம் வெட்டாமல் வரும். கத்தியால் கீறினால்தான் பக்கம் திறக்கும். இத்தனை வருஷம் அதை நான் கீறவே இல்லை. இன்று ஞாயிறு. புத்தகத்தையும் பேனாக் கத்தியையும் எடுத்துக்கொண்டு காலை வண்டியில் ஏறினேன். பாலம் தாண்டியதும் அந்த அத்தியாயத்தைக் கீறிப் படித்தேன். ராஜா இல்லாத சில வருஷம், ஒரு தளபதியின் ஆட்சி, அவன் செத்ததும் குழப்பம். களைத்துப்போன ஜனங்கள் தலை போனவனின் மகனையே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவ்வளவுதான். துறைமுகம் வருவதற்குள் படித்து முடித்துவிட்டேன். கப்பலேறிய அன்றைக்கே, அந்தப் பாலத்திலிருந்து துறைமுகம் வருவதற்குள் நீ இதைச் சொல்லி முடித்திருக்கலாம்.

திரும்பும் வண்டியில் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. திரும்பும் வழி என் பங்கு. பாரிசிலிருந்து ஆரம்பித்தேன். டிக்கெட் பரிசோதிக்க வந்த பையன் நின்று பார்த்தான்.

"யார்கிட்ட சார் பேசுறீங்க?"

"பாஸ் இல்லாம ஏறின ஆள்கிட்ட."

"சரி லா சார், பேசுங்க" என்று சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போனான்.

நான் தொடர்ந்தேன். ரொட்டி இல்லாத சனம் தெருவுக்கு வரும் இடத்தில் மட்டும், முன் பெட்டியில் துரை யாரும் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.