பாதியில் நின்ற பயாஸ்

தண்டையார்பேட்டை
17.8.2003

அன்புள்ள தம்பி அபினுக்கு,

மதினி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீயும் தூத்துக்குடியில் அத்தை வீட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஜாய்ஸிக்குச் சளி விட்டுவிட்டது. சித்தப்பா எப்போ வருவாங்க என்று கேட்டே என் காதைத் தின்கிறாள்.

முதலில் நல்ல சேதி. உங்க அண்ணனுடைய ஆபீஸ் லேப்டாப் உயிரோடு வந்துவிட்டது. ஹார்பர் வேலைக் கோப்பு ஒன்றுகூடப் போகவில்லை.

நீ கிளம்பிப்போன மறுநாளே உங்க அண்ணன் அதைத் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டார்கள். ஆபீசில் சொல்லப் பயம். எனக்கு மனசு கேட்கவில்லை. கணக்கு உதைத்தால் எந்த வரியில் என்று பார்க்காமல் நான் விட்டதில்லை. ஜெபம் பண்ணிவிட்டு, கட்டைப்பையில் போட்டு, ராயபுரத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அப்துல் வஹாப் பாயிடம் கொண்டுபோனேன்.

நீ அதில் எதையோ புதிதாக ஏற்றும்போது திரை கறுத்துப்போனது என்றேன். பாய் திறந்துகூடப் பார்க்கவில்லை. இன்னாம்மா, பயாஸை மாத்தும்போது கரண்ட் பூட்ச்சா என்று கேட்டார். பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது, பிளக்கில்தான் ஓடுகிறது என்றேன். பயாஸ் என்பது மெஷின் கண் விழித்ததும் முதலில் படிக்கிற பாடமாம். அதைப் புதிதாக எழுதும்போது பாதியில் நின்றுவிட்டால் திரை கறுத்துப்போகுமாம். ஆனா உள்ள அழியாத ஒரு துளி இடம் கீது, அதுக்கு பிளாப்பி படிக்க மட்டும் தெரியும், பேஜாராவாதம்மா என்று சிரித்தார்.

லேப்டாப் கம்பெனியின் பயாஸ் பைலை ஒரு பிளாப்பியில் ஏற்றிக் கொடுத்தவர், வூட்டுல மறுபடி ஆனா நீயே பண்ணிக்க என்று என்னையே செய்ய வைத்தார். பேட்டரியைக் கழற்றி, பிளாப்பியை உள்ளே தள்ளி, அவர் காட்டிய இரண்டு கீயையும் அமுக்கிக்கொண்டே பவரைத் தட்டினேன். திரை கறுப்பாகவே இருந்தது. பிளாப்பி விளக்கு மட்டும் மினுங்கி, கரகரவென்று சத்தம் வந்தது. நான் வாய்க்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே நின்றேன். கடைசியில் ஒரு பீப். அணைத்துப் போட்டதும் கம்பெனி பேர் பளிச்சென்று வந்தது. பாய் அல்ஹம்துலில்லா என்றார், நான் அல்லேலூயா என்றேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் ஒன்று உறைத்தது. நீ பயாஸை மாற்றிய அன்று சாயங்காலம் நம்ம தெருவில் கரண்ட் போகவே இல்லை. நீ மாற்றுகிற வேலையைப் பாதியில் ஓடவிட்டுவிட்டு, டியூஷன் விட்டு வந்த ஜாய்ஸியைக் கூப்பிட வாசலுக்குப் போனாய். குடும்ப ஜெபத்துக்கு முன்னால் எல்லா மெஷின் சுவிட்சையும் அணைப்பது நம் வீட்டு வழக்கம். ஜெபம் நடத்துகிறவர்தான் அணைப்பார். அன்று நடத்தியது உங்க அண்ணன்.

திரும்பி வந்து சுவிட்சைப் பார்த்த உனக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? கண்டதை நோண்டுகிறவன், இனி இந்த வீட்டில் எதையும் தொடாதே என்று உங்க அண்ணன் கத்தினபோதும் நீ வாய் திறக்கவில்லையே.

வீட்டுக்கு வந்து பாய் சொன்னதை அப்படியே சொன்னேன், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. உங்க அண்ணன் சுவிட்ச் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி உன் பேரைச் சொல்லி ஜெபத்தை ஆரம்பித்தவர்கள், மன்னியும் ஆண்டவரே என்றதோடு நின்றுவிட்டார்கள். மீதியை நான்தான் முடித்தேன். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"அவன் இனி என் மூஞ்சில முழிப்பானா?"

ஆண்டவரிடம் கேட்டாகிவிட்டது. உன்னிடம் கேட்க அவர்களுக்கு வாய் வராது. அந்தச் சுபாவம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி வந்துவிடு. எழும்பூருக்கு அவர்களேதான் வருவார்கள், என்னை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஸ்டேஷனில் ஒன்றும் பேசமாட்டார்கள். உன் பையை வாங்கக் கை மட்டும் நீட்டுவார்கள். கனமில்லாவிட்டாலும் கொடுத்துவிடு.

கர்த்தர் உன்னோடு ரயிலேறி வரட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் மதினி,
தேவகிருபை