அம்மையென்று அடைத்த வீட்டில் உண்ணிக் காய்ச்சல்

அனுப்புநர்:
வா. அலியார்,
தோணிப் பாய் தைக்கும் தொழில்,
கீழத்தெரு, பாசிமுனை, தொண்டி அருகில்.

பெறுநர்:
ஜில்லா சுகாதார அதிகாரி அவர்கள்,
இராமநாதபுரம் ஜில்லா.
முகாம்: திருவாடானை.

பொருள்: அம்மை என்று அடைத்து வைத்திருக்கும் சிறுமி பூமயிலை வைத்தியத்துக்குக் கொண்டுபோக உத்தரவு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு,

1. ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்காக ஒரு கிடா வளர்த்து வந்தேன். குர்பானி ஆட்டுக்கு ஊனமோ புண்ணோ இருக்கலாகாது. ஆகவே என் மகள் நஸீரா தினமும் அதன் காதுமடலில் உண்ணி பிடுங்கி நகத்தால் நசுக்குவாள். அடுத்த வீட்டு வீரபத்திரன் மகள் பூமயிலும் கூட உட்கார்ந்து அதையே செய்வாள். பெரியவர்கள் நாங்கள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

2. பெருநாள் நெருங்கும்போது நஸீராவுக்குக் கடும் காய்ச்சல் கண்டு, கைகால்களில் செம்புள்ளிகள் எழும்பின. பார்க்க வந்த சுகாதார ஊழியர் பெரியம்மை என்று சொல்லி வீட்டை அடைத்தார். நாங்களும் வேப்பிலை செருகி, மருந்து கொடுக்காமல், ஓதிக்கொண்டிருந்தோம். "உள்ளங்கை எரியுது அத்தா" என்பாள். ஊதிவிடுவேன். பெருநாள் காலையில் மௌத்தாகிவிட்டாள். கிடாவை அறுக்க எனக்குக் கை வரவில்லை. அது இன்னும் என் வீட்டில்தான் நிற்கிறது. நஸீரா போன பிறகு அதற்கு உண்ணி பார்த்தது பூமயில்தான்.

3. பின்னர் என் மனைவி தாஜுன்னிசாவுக்கும் அதே காய்ச்சல் வந்தது. மறுபடியும் வீட்டை அடைப்பதற்குள் மதுரைக்குக் கொண்டுபோனேன். அங்கே டாக்டர் அவள் காதுக்குப் பின்னால் கருகியிருந்த பொருக்கைக் காட்டி, உண்ணி கடித்த இடம் இது, அம்மை அல்ல, உண்ணிக் காய்ச்சல் என்றார். ரத்தச் சோதனையும் அப்படியே வந்தது. குளோரோமைசிட்டின் குளிகையில் காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்ததும் அவள், இது பிள்ளையையும் பிழைக்க வைத்திருக்குமா என்று கேட்டாள். டாக்டர் ஆம் என்றார். இல்லையென்று அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

4. இப்போது பூமயில் படுத்திருக்கிறாள். அதே புள்ளிகள். பிடரியில் அதே கருப்புப் பொருக்கு. என் கண்ணால் பார்த்தேன். அதே ஊழியர் அம்மை என்று சொல்லி, பஸ்ஸில் ஏற்றக்கூடாதென்று தடுத்துவிட்டார். பிள்ளைக்கு அந்தக் குளிகையாவது கொடு என்று வீரபத்திரனைக் கெஞ்சினேன். "தாய் வந்து எறங்கியிருக்கா மாமா, மருந்து குடுத்தா கோவிச்சுக்கிருவா" என்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சர்க்கார் ஆள் அம்மை என்றதை நம்பியவன், சர்க்காரே அது அம்மை இல்லையென்று சொன்னால்தான் கேட்பான்.

5. ஆகவே இது அம்மைதானா என்று பார்க்க இன்றே ஒரு டாக்டரை அனுப்ப வேண்டும். அதற்கு வழியில்லையென்றால், பிள்ளையை மதுரைக்குக் கொண்டுபோக எழுத்தில் உத்தரவு தர வேண்டும். கிடாவின் உண்ணிகளைச் சீசாவில் அடைத்துக் கொண்டு வந்திருக்கிறேன். அவற்றையும் சோதனைக்கு அனுப்பி, மற்றத் தெருக்களையும் காக்க வேண்டும். இறந்த என் மகளுக்காகக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

6. தபாலில் போட்டால் நாளாகும் என்று நானே மனுவோடு வந்து முகாம் வாசலில் நிற்கிறேன். உத்தரவு கைக்கு வராமல் போகமாட்டேன். இதை மரியாதைக் குறைவாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளலாகாது. நான் ஊரிலிருந்து புறப்படும்போது பூமயிலுக்கு உயிர் இருந்தது அய்யா.

திருவாடானை
17-7-1958

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்து நிற்கும்,
வா. அலியார்