ஆறாம் வரிசையில் இரண்டு கற்கள்

ரே நகர்,
மெஹ்ர் மாதம் 9

என் கண்மணி பரஸ்தூவுக்கு அப்பா யதுல்லா எழுதுவது. நம் தர்காவில் உறங்கும் பெரியவரின் துஆ அந்தக் குளிர் தேசத்திலும் உன்மேல் போர்வையாக இருக்கட்டும். நான் சுகம். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது.

தொலைபேசி நிலையத்துக்குப் போய்ப் பேசியிருக்கலாம். ஆனால் அந்தக் கூண்டுக்குள் நின்று ஹாம்பர்க்குக்குக் கேட்கும்படி கத்தினால் வரிசையில் நிற்கும் பாதி ஊருக்கும் கேட்கும். இது ஊர் கேட்கக் கூடாத சங்கதி. அதனால் எட்டாம் வகுப்பு படித்த தைரியத்தில் பேனாவை எடுத்தேன். உட்கார்ந்துகொண்டு படி.

சந்தூர் வாசித்த உஸ்தாத் கேவான்பூரின் மனைவி முனீரே, நாம் மரியாதையாகக் ‘கானும்’ என்று கூப்பிடுகிற அந்த அம்மாள், மருத்துவமனையில் இருக்கிறார். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. மூன்று வாரம் தாண்டினால் அதிசயம் என்கிறார் டாக்டர். அவருக்கு இடம் எங்கே என்று உனக்குத் தெரியும். ஆறாம் வரிசையில் உஸ்தாதின் கபரில் மேல் தட்டு; ஒரே குழியில் கீழே அவர், மேலே இவர். பத்தொன்பது வருஷமாக அவருக்காகக் காத்திருக்கிறது. பக்கத்துக் கபர் உன் அம்மா தூபாவுடையது. அதிலும் மேல் தட்டு காலி. அது எனக்கு.

இனி சொல்லப்போவதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த இரண்டு கற்களும் அதனதன் கபர்மேல்தான் இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது.

அம்மா போன இரண்டாம் வருஷம் தண்ணீர்க் குழாய் வெடித்துக் கபர்ஸ்தான் தரை இறங்கியது, உனக்கு ஞாபகம் இருக்கலாம். எல்லாக் கற்களையும் தூக்கி ஓரமாக வைத்து, மண் கொட்டிச் சமப்படுத்தி, மறுபடி பதிக்க வேண்டும் என்றார்கள். கபர்ஸ்தான் காவல்காரன் நான், பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் எத்தனையாவது வரிசை, எத்தனையாவது இடம் என்று அழகாக எண் போட்டேன். சாக்கட்டியால். உலகத்தில் பெயின்ட் என்று ஒன்று இருப்பது உன் அப்பனுக்கு அன்று தோன்றவில்லை. மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டது. எண்ணெல்லாம் சாக்கடையில் போயிற்று.

பெரிய மனிதர்களால் தொல்லை இல்லை. மல்யுத்த வீரர் சுவரோரம், பத்திரிகை ஆசிரியர் தூணடியில், பழைய அமைச்சருக்கு இரும்பு வேலி. ஆளாளுக்கு அடையாளம் இருந்தது. இந்த இரண்டு கற்கள் மட்டும் ஒரே கல்தச்சன், ஒரே மாதத்தில், ஒரே அளவில் செதுக்கியவை. அதுவரை நான் பெயரைப் பார்த்துத்தான் போய் உட்கார்ந்தேன். இடமா வலமா என்று எவன் மனப்பாடம் செய்வான்? பதித்தபோது சரி என்றுதான் தோன்றியது. ஒரு வாரம் கழித்துச் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு கல்லையும் பன்னீர் விட்டுக் கழுவுகிறேன். இரண்டையும் விரலால் தட்டி இரண்டுக்கும் ஃபாத்திஹா ஓதுகிறேன். மஷ்தி யதுல்லா உஸ்தாதின் பரம ரசிகன் என்று ஊரில் பெயர். வியாழக்கிழமைதோறும் அவருடைய மாணவர்கள் வந்து கல்லைச் சுற்றி உட்கார்ந்து வாசித்து அழுகிறார்கள். சந்தூர் கேட்டாலே உன் அம்மா என்ன சொல்வாள்? “கொல்லன் பட்டறையில எலி ஓடுற மாதிரி இருக்கு, ரேடியோவ அணைங்க.” அவள் தலைமேல்தான் வாசிக்கிறார்களோ என்று நினைத்தால் சிரிப்பு வரும். அப்புறம் அடுத்த நினைப்பு வரும். கல் மாறியிருந்தால் முனீரே கானுமை நானே என் கையால் தூபாவின் மேல் இறக்குவேன். அதற்கப்புறம் அவளிடம் எனக்கு இடம் கிடையாது.

அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இனிப்பு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறேன். அவர் ஆயுசுக்காக அவருடைய சொந்தத் தம்பிகூட இப்படி அழுது துஆ கேட்கவில்லை. என்ன விசுவாசம் என்கிறாள் நர்ஸ். கானும் மட்டும் ஏமாறவில்லை.

“என்ன மஷ்தி, அளவெடுக்க வந்தியா?”

“உங்களுக்கு நூறு வயசு கானும்.”

“நூறெல்லாம் வேணாம். இவங்க ஊத்துற கஞ்சிக்கு இந்த அறுபத்தெட்டே ஜாஸ்தி.”

மகளே, அம்மாவை இறக்கிய அன்று என்னை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. நீ பார்த்தாய். உனக்கு ஏழு வயது. குழி குழாய்ப் பக்கமா, சுவர்ப் பக்கமா? குழாய் இன்னும் அதே இடத்தில்தான் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அன்று புதுச் சிவப்பு ஷூவில் ஒன்றைத் தொலைத்துவிட்டு வந்தாய். நான் உன்னை அறைந்தேன். அது ஞாபகம் இருந்தால் மற்றதும் இருக்கும் என்று நம்புகிறேன். நாள் கடத்தாமல் எழுது.

உன் அப்பா,
யதுல்லா


ரே நகர்,
ஆபான் மாதம் 6

என் பரஸ்தூவுக்கு,

உன் கடிதம் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. எட்டு வருஷமாக “நலம், குளிர், வேலை” என்று மூன்று சொல்லில் எழுதுகிறவள் ஒரு பக்கம் எழுதியிருந்தாய். தபால் பெட்டியடியில் நின்று படித்தேன். பிறகு நடைபாதையில் உட்கார்ந்து படித்தேன்.

எந்தப் பக்கம் என்று ஞாபகமில்லை, ஆனால் ஷூவை நான் தொலைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். மண் தள்ளும்போது யாருக்கும் தெரியாமல் நீயே உள்ளே போட்டாய் என்று. ஒற்றை ஷூவோடு நீ நடக்க முடியாது என்று அம்மாவுக்குத் தெரியுமாம், எப்படியும் திருப்பித் தர வருவாளாம். இதை எனக்கு அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். நான் எங்கே கேட்டேன், கையைத்தானே நீட்டினேன்.

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போனேன். கானுமிடம் சாக்கட்டி முதல் ஷூ வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வைவார் என்று பார்த்தால் தலையணை நனையச் சிரித்தார்.

“அட பாவி! பதினேழு வருஷமா அந்த மனுஷனை நான் திட்டினதெல்லாம் உன் பொண்டாட்டி காதுலயா விழுந்துச்சு?”

“தெரியலையே கானும்.”

“விழுந்திருந்தா நல்லது. அவரு உசிரோட இருந்தப்பவே என் பேச்ச ஒரு நாளும் காது குடுத்துக் கேட்டதில்ல.” பிறகு மூச்சு வாங்க என் கையைப் பிடித்தார். “கல்லு இருக்கிற இடத்துலயே தோண்டு மஷ்தி. ஷூ வந்தா நிறுத்து. வரலைன்னா என்ன இறக்கிடு. ஆனா கண்ண மூடிக்கிட்டு மட்டும் இறக்கிடாத.”

புதன்கிழமை போய்விட்டார்.

நேற்று வியாழன் காலை அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நானும் குழிவெட்டி ஸஃபரும் உஸ்தாத் பெயர் போட்ட கல்லை நகர்த்தினோம். குழாய்ப் பக்கம். மாணவர்கள் வர ஒரு மணி நேரம் இருந்தது. ஸஃபர் இடுப்பு ஆழம் போனான். ஒன்றுமில்லை.

“ஏன்யா மஷ்தி, கல்லப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற, உன்னையே இறக்கப்போறேன்னு நினைச்சியா?”

“பேசாம வெட்டு.”

“பேசினாத்தான் மண்வெட்டி ஓடும்.”

இன்னும் ஒரு சாண் போனான். கீழ்த் தட்டை மூடிய பலகைக்கல் தட்டுப்பட்டது. தலைமாட்டு மூலை சுத்தமாக இருந்தது. நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிக்கவில்லை, ஸஃபர் கால்மாட்டில் குனிந்தான். எழுந்து கையை என் பக்கம் நீட்டினான். உள்ளங்கையில் உன் ஷூ. மண்ணைத் துடைத்தால் அதே சிவப்பு. பிளாஸ்டிக் பாரு, வார்கூட விட்டுப்போகவில்லை.

அந்தக் குழியை மூடி அடுத்ததை வெட்ட வேண்டும். பாதி வெட்டுவதற்குள் மாணவர்கள் கானுமின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். மீசை நரைத்த மூத்தவர் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உஸ்தாத் அந்தப் பக்கம்ல இருக்காரு?” மண் ஈரம், அது இது என்று ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். கையில் ஷூ இருந்தது. பொய் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். “இத்தனை வருஷமா நாங்க யாருக்குய்யா வாசிச்சோம்?”

“என் பொண்டாட்டிக்கு.”

மூத்தவர் அவன் கையை விலக்கினார். “அவங்களுக்குப் பிடிச்சிருக்குமா?”

“சந்தூரே ஆகாதுங்க அவளுக்கு.”

அவர் முகத்தில் என்னவோ ஓடியது. பிறகு ஸஃபரிடமிருந்து மண்வெட்டியை வாங்கி அவரே குழிக்குள் இறங்கினார். கானுமை அவருடைய ஆளின் மேல் சரியாகவே இறக்கினோம். கற்களையும் மாற்றிப் பதித்தாயிற்று. போகும்போது அவர்களில் இரண்டு பேர் நம் தூபாவின் கல்லைத் தட்டி ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை தர்கா அலுவலகத்துக்கு வந்து விளக்கம் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வேலை இருக்குமா, தர்கா கொடுத்த இந்த அறை இருக்குமா, தெரியாது. சாக்கட்டியைப் பற்றி எவ்வளவு நேரம்தான் விளக்கம் சொல்ல முடியும்? அதற்கு நீ கவலைப்படாதே. அம்மா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அது போதும்.

ஷூவைக் குழாயடியில் கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறேன். உன்னை அறைந்த அன்று மிச்சமிருந்த மற்றதைத் தூக்கி எறியப் போனேன். ஏனோ எறியவில்லை. துணிப் பெட்டியின் அடியில் கிடந்தது. இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வெயில் படும்போது பெட்டியில் கிடந்தது எது, புதைந்தது எது என்று சொல்ல முடியவில்லை.

மகளே, அம்மா திருப்பித் தந்துவிட்டாள். தபாலில் அனுப்ப மாட்டேன். நீ வந்து வாங்கிக்கொள்.

அன்று உன்மேல் நீண்ட அதே வலக்கையால் எழுதும்
உன் அப்பா,
யதுல்லா