மிஞ்சாத லட்டு

ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

பேரனின் நிச்சயதார்த்தச் சீருக்கு அறுபத்துமூன்று லட்டு பிடித்தேன். தட்டுகள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் லட்டு சமமாக இருக்க வேண்டும். ஹவுராவிலிருந்து வந்த நாத்தனார் ஐந்து தட்டு பரப்பினாள். மூன்று லட்டு மிஞ்சியது.

"அஞ்சாலே வகுக்கலாமே! நீங்க எண்ணினதுதான் தப்பு, மன்னி" என்றாள். என் கல்யாணத்தன்று என்னைக் கைநாட்டு என்று சிரித்த அதே வாய். நான் மறக்கவில்லை.

பேத்தி மீனாட்சி குறுக்கே வந்தாள். "எதாலே வேணும்னாலும் வகுக்கலாம், அத்தைப்பாட்டி. அஞ்சு இங்கே வெறும் வகுக்கும் எண். மீதி விடாம வகுத்தாத்தான் காரணி. ஏழு தட்டு வைங்கோ."

ஏழு தட்டிலும் ஒன்பது ஒன்பதாக உட்கார்ந்தன. கூடை காலி.

இவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தச் சொல்லிக் காலையிலிருந்து என் மகனின் காதில் ஓதியவளும் நாத்தனார்தான். அவனும் தலையாட்டியிருந்தான். இப்போது தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். "திங்கட்கிழமை பள்ளிக்கூட வண்டி வரட்டும், அம்மா" என்றான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கிளம்பும்போது நாத்தனார் வாய்க்கு ஒரு லட்டு கேட்டாள். மீதி இல்லையே என்றேன்.